மூன்றாம் ஷோகனின் பைன் மரம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்தது என்று மதிக்கப்படும் ஒரு பைன் மரம் இன்றும் ஒரு தொட்டிக்குள் உயிரோடு நிற்கிறது என்றால் நம்புவீர்களா? வகுப்பில் முதன்முதலாகக் கேட்டபோது நானும் நம்பவில்லை. ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில், பேரரசரின் அரண்மனையில் உள்ள போன்சாய் மரங்களுள் அதுவும் ஒன்று. மூன்றாம் ஷோகனின் பைன் என்பது அதன் பெயர். மரத்தைப் பற்றி அறியப் புகுந்த நான், அந்தப் பெயருக்கு உரிய டோக்குகாவா இயெமிட்சுவின் வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டேன். நூலகத்தில் பல மாலைகள் கழிந்தன. அவற்றின் பயனே இக்கட்டுரை.

அக்காலத்து ஜப்பானைப் பற்றி முதலில் ஒரு சொல். கியோட்டோ நகரில் பேரரசர் ஒருவர் இருந்தார்; ஆனால் ஆட்சி அவர் கையில் இல்லை. படைத்தலைவரான ஷோகனே நாட்டை ஆண்டார். இயெமிட்சுவின் பாட்டனார் இயெயாசு 1600இல் செக்கிகஹாராப் போரில் வென்று, 1603இல் ஷோகன் பட்டம் பெற்றார். எடோ என்ற ஊரைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. அடுத்த ஆண்டே, 1604இல், இயெயாசுவின் மகன் ஹிடெட்டாடாவுக்கு இயெமிட்சு பிறந்தார்.

நாட்டை ஆளப் பிறந்த குழந்தைக்கு வீட்டில் அன்பு குறைவாகவே கிடைத்தது. உடல் வலிமையற்ற பிள்ளை என்று கருதிய பெற்றோர், இளையவனான டடநாகாவிடமே உள்ளத்தைப் பறிகொடுத்தனர். அடுத்த பட்டம் இளையவனுக்கே என்று அரண்மனையில் பேச்சு எழுந்தது. வளர்ப்புத் தாயான கசுகா என்னும் பெண்மணிக்கு இது பொறுக்கவில்லை. கோயில் யாத்திரை போவதாகச் சொல்லிப் புறப்பட்டு, சுன்பு நகரில் இருந்த முதியவர் இயெயாசுவைக் கண்டு முறையிட்டார் என்று சொல்வர். மூத்தவருக்கே பட்டம் என்று பாட்டனார் உறுதி செய்தார். இல்லாதவன் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு, இருக்கிறது என்று சொல்ல ஒருவர் கிடைத்தார். அந்த ஒருவர் கிடைக்காத பிள்ளைகள் உலகில் எத்தனை பேரோ!

1623இல் இயெமிட்சு மூன்றாம் ஷோகன் ஆனார். அப்போது அவருக்கு வயது 19; எனக்கு இப்போது உள்ள வயதைவிட ஒன்று குறைவு. ஆனாலும் தந்தை 1632இல் மறையும்வரை உண்மையான அதிகாரம் தந்தையிடமே இருந்தது. தந்தை மறைந்த இரண்டாண்டுக்குள், பட்டத்துக்குப் போட்டியாகப் பேசப்பட்ட தம்பி டடநாகா, அண்ணனின் ஆணையால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. பாட்டனார் செய்த நன்றியை மட்டும் இயெமிட்சு மறக்கவில்லை. நிக்கோ மலையில் இருந்த அவரது நினைவாலயத்தை 1634 முதல் 1636 வரை பெரும் பொருட்செலவில் புதுப்பித்துக் கட்டினார்.

இத்தகைய மனிதருக்குத் தொட்டி மரங்களின் மீது தீராத காதல் இருந்தது. சீனத்தில் தோன்றிய கலை அது. ஜப்பானியர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். போன் என்றால் தட்டு, சாய் என்றால் நடுதல். தந்தை ஹிடெட்டாடா காமெலியா மலர்களில் மயங்கியவர். மகன் சிறு மரங்களில் மயங்கினார். அரசு அலுவலை விட்டு மரங்களோடு பொழுது போக்குகிறாரே என்று முதியவரான ஓக்குபோ ஹிக்கோசாயெமோன் வருந்தினாராம். ஒருநாள் ஷோகனின் கண்ணெதிரிலேயே அவருக்கு மிகவும் பிடித்த தொட்டி ஒன்றைத் தூக்கித் தோட்டத்தில் எறிந்துவிட்டாராம். வழிவழியாக வழங்கும் கதை இது. அதன் பிறகும் இயெமிட்சு மரங்களை விடவில்லை என்றே கதை முடிகிறது.

போன்சாய் வளர்ப்பது எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பைன் மரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து, நீண்ட வேர்களைக் கத்தரித்து, புது மண் இட்டு மீண்டும் வைக்கிறார்கள். இளவேனிலில் கிளம்பும் தளிர்களைக் கிள்ளிவிடுகிறார்கள். இக்காலத்தில் கிளையைச் செம்புக் கம்பியாலோ அலுமினியக் கம்பியாலோ சுற்றி, வேண்டிய பக்கம் சிறிது சிறிதாக வளைக்கிறார்கள். கிளை பருத்துக் கம்பி பட்டையில் அழுந்துமுன் அதை அகற்றிவிட வேண்டும். தவறினால் தழும்பு நெடுநாள் நிற்கும். ஆழமில்லாத தொட்டியில் மண் குறைவு. ஆதலால் கோடையில் நாளுக்கு இருமுறைகூட நீர் வார்க்க வேண்டும். சில நாள் மறந்தால் நூறாண்டு உழைப்பும் கருகிப்போகும்.

தாவரவியல் மாணவனான என்னை நிறுத்திவைத்த செய்தி வேறொன்று. ஷோகனின் மரம் ஐந்து ஐந்து ஊசி இலைகளாகக் கொத்து விடும் ஜப்பானிய வெள்ளைப் பைன் இனம். மலையில் அந்த இனம் 15 மீட்டருக்கு மேலும் வளரும். தொட்டியில் நிற்பது தனியான ஒரு குள்ள இனமன்று. அதே இனம்தான், அதே மரபுப் பண்புகள்தான். கத்தரித்துச் சிறுத்த போன்சாயின் விதையை எடுத்து மலைச்சரிவில் விதைத்தால், அது மலைமரமாகவே ஓங்கி வளரும். சிறுமை விதையில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. கத்தரியில் இருக்கிறது.

இந்த உண்மையை மனத்தில் வைத்து இயெமிட்சுவின் ஆட்சியைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவர் தம் நாட்டையே ஒரு தொட்டியில் வைத்தாரோ என்று தோன்றியது. 1635இல் சிற்றரசர்களுக்கு ஒரு சட்டம் வகுத்தார். அவர்கள் ஓராண்டு தம் நாட்டிலும் மறு ஆண்டு எடோவிலும் மாறி மாறி வாழ வேண்டும். மனைவி மக்கள் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். போகவர ஆகும் செலவிலேயே சிற்றரசர்களின் செல்வம் கரைந்தது. எந்தக் கிளையும் அளவுக்கு மீறி நீளாதபடி ஆண்டுதோறும் கத்தரி விழுந்தது. அதே 1635இல் ஜப்பானியர் எவரும் கடல்கடந்து செல்லக் கூடாது, சென்றவர் திரும்பக் கூடாது, மீறினால் மரணம் என்றும் ஆணை பிறந்தது.

1637இல் ஷிமபாரா வட்டாரத்து உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தாங்க முடியாத வரியும் கிறித்தவர் மீதான கொடுமையும் அவர்களை எழச் செய்தன. அவர்களின் தலைவன் அமக்குசா ஷிரோ பதினாறு வயதை ஒட்டிய இளைஞன். பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 37,000 பேர் ஹாரா கோட்டைக்குள் புகுந்து மாதக்கணக்கில் எதிர்த்து நின்றனர். 1638இல் கோட்டை வீழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டனர். கொடிய வரி விதித்த சிற்றரசனையும் ஷோகனின் அரசு விடவில்லை. அவன் தலையும் வெட்டப்பட்டது. ஆனால் மடிந்த உழவர்க்கு அதனால் என்ன பயன்?

1639இல் போர்த்துகீசியர் வெளியேற்றப்பட்டனர். 1641இல் டச்சு வணிகர்கள் நாகசாகித் துறைமுகத்தில் இருந்த டெஜிமா என்ற சிறு செயற்கைத் தீவுக்குள் அடைக்கப்பட்டனர். 1642, 1643 ஆண்டுகளில் கொடும் பஞ்சம் வந்தது. அதனை ஒட்டி, உழவர்கள் தம் நிலத்தை நிலையாக விற்பதற்கு 1643இல் தடை வந்தது. நிலம் பறிபோகாமல் காத்த அந்தத் தடை, உழவனை அதே நிலத்தோடு கட்டியும் வைத்தது. உழவனின் மகன் உழவன், வீரனின் மகன் வீரன் என்ற பிரிவு இறுகியது.

ஒருபக்கம் மட்டும் சொன்னால் நடுநிலை ஆகாது. போரால் சிதைந்து கிடந்த நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும் போர் இல்லாத அமைதி நிலவியது. அந்த அமைதியில் கைத்தொழிலும் ஓவியமும் நாடகமும் செழித்தன. ஊர்ப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்ற சிறு பள்ளிகள் காலப்போக்கில் பெருகின. தொட்டியில் வைத்த மரமும் அழகாக இருக்கிறதல்லவா? இருக்கிறது. ஆனால் வளைக்கப்பட்ட மரத்தை விருப்பம் கேட்க முடியாது, மனிதனைக் கேட்கலாம். இயெமிட்சு கேட்கவில்லை. மரத்திடம் பொறுமை காட்டியவர் மனிதரிடம் அதைக் காட்ட மறந்தார் என்பதே என் முடிவு.

1651இல், 46 வயதில், இயெமிட்சு மறைந்தார். பத்து வயதை எட்டாத மகன் இயெட்சுனா பட்டத்துக்கு வந்தார். நெருங்கிய அமைச்சர் சிலர், தலைவனோடு உயிர் விடும் அக்கால வழக்கப்படி தம்மை மாய்த்துக்கொண்டனர். அந்த வழக்கத்தை மகனின் அரசே 1663இல் தடை செய்தது. பாட்டனார் துயிலும் நிக்கோ மலையிலேயே இயெமிட்சுவும் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பூட்டிய கதவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பூட்டியே கிடந்தது. 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எடோ விரிகுடாவுக்குள் வந்து நின்றன. அடுத்த ஆண்டு கதவு திறந்தது. 1868இல் ஷோகன் ஆட்சி மறைந்து, எடோ கோட்டை பேரரசரின் இருப்பிடமாயிற்று. 1872இல் குல வேற்றுமையின்றி எல்லாப் பிள்ளைகளும் பள்ளி செல்ல வேண்டும் என்று கல்விச் சட்டம் வந்தது. தொட்டி உடைந்தது, வேர் நிலத்தைக் கண்டது. உழவரின் பேரப்பிள்ளைகள் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆனார்கள். விதையில் குறை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வளவும் எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. நான் வேதியியல் தாளில் தவறியபோது, எங்கள் பரம்பரைக்குப் படிப்பு ஒட்டாது என்று தெருவில் ஒரு பெரியவர் சொன்னார். அதைவிடக் கொடுமை, நானும் சில நாள் அதை நம்பினேன். என் அப்பா ஒரு நர்சரியில் கூலிக்கு நீர் ஊற்றுபவர். பாலிதீன் பையிலேயே நெடுநாள் கிடந்த கன்று வேர் சுருண்டு வளராமல் நிற்பதையும், பையைக் கிழித்துச் சுருண்ட வேரைப் பிரித்துக் குழியில் வைத்தால் அதே கன்று அடுத்த மழைக்குள் துளிர்த்து எழுவதையும் அவர் எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறார். பாடநூலில் நான் படித்ததை அவர் கையால் அறிந்து வைத்திருந்தார். அடுத்த தேர்வில் அந்தத் தாளை எழுதித் தேறினேன்.

ஷோகனின் மரத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். வியந்து கேட்டவர், அரசர் ஊரில் இல்லாத நாளில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்றுதான் முதலில் கேட்டார். என்னிடம் விடை இல்லை. மரத்துக்கு ஐந்நூறு வயது. இயெமிட்சு வாழ்ந்ததோ 46 ஆண்டுகள். அவருக்கு முன்பும் யாரோ அதை வளர்த்தார்கள். அவருக்குப் பின் 370 ஆண்டுகளுக்கு மேலாக யார் யாரோ காத்து வருகிறார்கள். மரத்தின் பெயரில் அவர்கள் இல்லை.

இன்னொரு மரத்தின் கதை எனக்கு ஆறுதல் தந்தது. இயெமிட்சு பட்டமேற்ற இரண்டாம் ஆண்டில், 1625இல், அதே இனப் பைன் ஒன்று தொட்டி வாழ்வைத் தொடங்கியது. ஹிரோஷிமாவில் யமாக்கி என்ற தோட்டக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதைப் பேணினர். 1945 ஆகஸ்டு 6இல் அணுகுண்டு வீழ்ந்தபோது, மூன்று கிலோமீட்டர் அளவு தொலைவில், தோட்டச் சுவரின் மறைவில் நின்ற அந்த மரம் தப்பியது. குண்டு வீசிய அமெரிக்காவுக்கே 1976இல் மசாரு யமாக்கி அதை அன்பளிப்பாகக் கொடுத்தார். இன்று அது வாஷிங்டனில் நிற்கிறது. அது யமாக்கி பைன் என்றே வழங்குகிறது. அரசர் பெயரால் ஒரு மரம். நீர் வார்த்தவர் பெயரால் ஒரு மரம்!

நண்பர்களே, நம்முள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். நமக்குப் பின்னே பெயர் தெரியாத எத்தனையோ கைகள் நாள்தோறும் நீர் வார்த்திருக்கின்றன. நாளை நாமும் ஒரு கன்றுக்கு நீர் வார்க்கும் இடத்தில் நிற்போம். அந்தக் கன்று ஏன் வளரவில்லை என்று கேட்கும் முன், அதை வைத்திருக்கும் தொட்டி எவ்வளவு பெரியது என்று ஒருமுறை பார்ப்போம்.