புளோரன்ஸ் சைபர்ட் அம்மையார்

கேரள எல்லையில், பாறசாலையை அடுத்த சிற்றூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்குக் காசநோய் கண்டபோது, தங்கையின் முன்கையில் சிறு ஊசி போட்டு, மூன்றாம் நாள் தடிப்பை அளந்தார்கள். அதுவரை வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. அந்த ஊசி மருந்தை நம்பத்தக்கதாக்கிய பெண்மணியை மாணவ நண்பர்கள் அறிதல் வேண்டும்.

புளோரன்ஸ் சைபர்ட் 1897-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஈஸ்டன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. வாழ்நாள் முழுதும் நடையில் குறை இருந்தது. ஆயினும் கல்வியை விட்டாரில்லை. 1923-ம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். காய்ச்சி வடித்த நீரில் செய்த ஊசி மருந்தும் சிலருக்குக் காய்ச்சல் தருவானேன் என்று ஆராய்ந்து, பாக்டீரியாவின் நச்சு ஆவியோடு தெறிக்கும் துளிகளில் கலந்து வருவதைக் கண்டுபிடித்தார். அதைத் தடுக்கும் கருவியையும் அமைத்தார். இன்று நெய்யாற்றின்கரையில் ஒரு நோயாளிக்கு அச்சமின்றிச் சலைன் ஏற்றுகிறார்கள் என்றால் அதில் அவருக்கும் பங்குண்டு.

பின்னர் அவர் காசநோய்ச் சோதனை மருந்தை எடுத்துக்கொண்டார். 1890-ல் ராபர்ட் காக் அறிவித்த டியூபர்குலின், கிருமி வளர்த்த குழம்பைச் சுண்டக் காய்ச்சிய கலவை; ஒருமுறை செய்ததன் வீரியம் மறுமுறை இராது. தோலைத் தடிக்கச் செய்வது கிருமியின் புரதமே என்று தெளிந்த அம்மையார், அதைப் பிரித்தெடுக்கப் பல்லாண்டு உழைத்தார். சுவீடனின் உப்சாலாவுக்கும் சென்று புரதங்களைப் பகுத்தறியும் முறைகளைப் பயின்றார். அவர் ஆக்கிய பி.பி.டி. 1941-ல் அமெரிக்காவிலும் 1952-ல் உலகெங்கும் தர அளவாயிற்று. 1968-ல் செங்கற்பட்டில் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்விலும் அதுவே பயன்பட்டது.

எனினும் பி.பி.டி. ஒரு புரதமன்று, பல புரதங்களின் சேர்க்கை. அவற்றுட் பல பி.சி.ஜி. கிருமியிலும் உண்டு. தங்கையின் கை தடித்தது. அது நோய்க் கிருமியாலா, குழந்தைப் பருவத்துத் தடுப்பூசியாலா என்று ஊசியால் சொல்ல முடியவில்லை. படம் எடுத்து, நோயில்லை என்று தெரிந்தபின்தான் அம்மா சோறுண்டார்.

அம்மையார் 1991-ல் மறைந்தார். பி.சி.ஜி.யில் இல்லாத இரண்டே புரதங்களைக் கொண்ட புதிய தோல் சோதனைகளை 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. அவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியே அது. சோதனைச் சாலையில் நிற்கும் தமிழ் மாணவர்களே, நாம் தெளிவாக்கும் ஒவ்வொரு துளிக்கும் எங்கோ ஒரு வீடு விழித்துக் காத்திருக்கிறது என்பதை மறவாதிருப்போமாக.