கரையான் தின்ற ஏட்டைக் காத்த தாத்தா

சிதம்பரத்தில் ஒரு பழைய வரலாறு சொல்வார்கள். தேவார ஏடுகள் கோயில் அறையில் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது, ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து, கரையான் தின்றது போக மிஞ்சியதை எடுத்தார்களாம்.

1924-ல் அதே ஊருக்கு, மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக, 69 வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். ஏடு காப்பதே அவருடைய வாழ்நாள் வேலையாக இருந்தது. அவர்தாம் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்.

அவர் 1855-ல் பிறந்தார். அன்றைய தஞ்சை ஜில்லா உத்தமதானபுரம் அவரது ஊர். வீட்டில் சங்கீதம் இருந்தது, பணம் இல்லை. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

அவ்வூர் முனிசீப் சேலம் ராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். படித்ததில்லை! அன்று தொடங்கியது ஏட்டு வேட்டை.

பனையோலை காய்ந்தால் ஒடியும். பூச்சி துளைக்கும். தொட்டால் உதிரும். பழைய ஏட்டைத் தூசி தட்டி, வாசனைப்புல் தைலம் தடவுவார்கள். ஓலை வளைந்து கொடுக்கும், பூச்சியும் அண்டாது. கரி மை பூசித் துடைத்தால் மங்கிய எழுத்து தெரியும். ஆனாலும் ஓலைக்கு ஆயுள் உண்டு. அது முடியுமுன் பிரதி எடுத்துவிட வேண்டும்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஐயர் ஆவலோடு போனார். அங்கே, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. மனம் துடித்தார். ஆனால் தேடலை நிறுத்தவில்லை.

பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டார். 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை வெளிவந்தன. 1942-ல் அவர் மறைந்தார். அவர் சேர்த்த சுவடிகளைக் காக்க, மறு ஆண்டே சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் ஏற்பட்டது.

அச்சான காகிதத்துக்கும் ஆபத்து உண்டு. மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள அமிலம் அதைப் பழுப்பாக்கி நொறுக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள நீரால் அமிலத்தைப் போக்கி, மெல்லிய ஜப்பான் காகிதத்தை மாவுப் பசையால் ஒட்டிப் பலப்படுத்துகிறார்கள். அது கைதேர்ந்தவர் வேலை.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய ஏடோ, தாத்தாவின் கையெழுத்தோ இருக்கலாம். ஈரம் படாமல் வையுங்கள். கிழிசலில் ஒட்டு நாடாவை ஒட்டாதீர்கள். முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். குப்பை என்று மட்டும் எறிந்துவிடாதீர்கள்!