அடிபட்டவர் திறந்த கதவு



தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பகுதிகளில் வீடு சந்திப்புக்குச் செல்லும் குருக்களுக்குத் தெரியும்: சில வீடுகளில் ஓர் அறைக்கதவு மட்டும் சாத்தியே இருக்கும். உள்ளே மனநோயால் வாடும் மகனோ மகளோ இருப்பார். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிப் பெற்றோர் மறைத்து வைத்திருப்பர். இவர்களுக்கெல்லாம் ஆறுதலாக ஒரு புனிதர் இருக்கிறார். அவரே இறைவனின் புனித யோவான்.

1495-இல் போர்த்துக்கல்லில் பிறந்த இவர் ஆடு மேய்த்தார், போர்வீரராயிருந்தார், பின்னர் ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா நகரில் புத்தகம் விற்றார். ஒரு சனவரி 20, புனித செபஸ்தியார் திருநாளன்று அருள்தந்தை அவிலா யோவானின் மறையுரையைக் கேட்டு மனமுடைந்தார். தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு தெருத்தெருவாகக் கதறி ஓடினார். சிறுவர்கள் கல்லெறிந்தனர். அரச மருத்துவமனையில் அவரை அடைத்தனர். மனநோய்க்குச் சாட்டையடியே மருந்தென்று நம்பிய காலம் அது. அவரையும் கட்டிவைத்து அடித்தனர். உடனிருந்த நோயாளர் அடிபடுவதையும் அவர் கண்டார். தமக்கென ஒரு மருத்துவமனை அமைந்தால் இவர்களை அன்போடு பேணுவேன் என அங்கேயே உறுதி பூண்டார்.

அவிலா யோவானின் வழிகாட்டுதலால் மனம் தேறினார். வெளியே வந்து ஒரு வீட்டை எடுத்தார். கூடை சுமந்து தெருவில் பிச்சையெடுத்து, முடவர், தொழுநோயாளர், மனநோயாளர் அனைவரையும் அங்கே ஏற்றார். தம் சகோதரனைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடித்த அந்தோன் மார்ட்டினும், கொலைப்பழிக்கு ஆளான பேதுரு வெலாஸ்கோவும் அவரால் ஒப்புரவாகி, அவருடைய முதல் துணைவர்களாயினர். காயப்பட்டவர்களே காயம் கட்டினார்கள்.

1549-இல் அரச மருத்துவமனை தீப்பற்றியபோது, தாம் அடிபட்ட அதே இடத்துக்குள் ஓடி நோயாளரை அவர் மீட்டதாக மரபு கூறுகிறது. 1550, மார்ச் 8 அன்று இறந்தார். 1690-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நம் தமிழகத்திலும் 2001, ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளர் 28 பேர் மாண்டனர். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஆனால் ஏளனம் என்னும் சங்கிலியை எந்தச் சட்டமும் அறுக்காது. நாம்தான் அறுக்க வேண்டும்.

ஒவ்வொரு பங்கிலும் இத்துன்பம் அறிந்த குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடட்டும். நோயிலிருந்து தேறியவர் முதலில் பேசட்டும். அங்கே சொன்னது அன்பியக் கூட்டத்துக்கோ கோவில் வாசலுக்கோ போகக்கூடாது. பேய் பிடித்தது என்று யாரும் சொல்லக்கூடாது. செபத்தைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்லவும் கூடாது; செபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

சாத்திய அந்தக் கதவு திறக்க, இறைவனின் புனித யோவானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.