சார்லஸ் பிராட்லி

அலைபாயும் சிறுவரை அடங்காப் பிள்ளைகள் எனக் கடிந்த காலத்தில், அவர்தம் இடரை மருத்துவக் கண்கொண்டு நோக்கியவர் சார்லஸ் பிராட்லி. 1902-ஆம் ஆண்டில் பிறந்த இவர், அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் 1931-இல் திறக்கப்பெற்ற குழந்தைகள் மனநல மருத்துவமனையில் பணியாற்றினார்.

அங்கு மூளையைப் படம்பிடிக்கும் சோதனைக்குப்பின் பிள்ளைகள் தலைவலியால் வருந்தினர். அதனைத் தணிக்கக் கருதிப் பென்செட்ரீன் என்னும் கிளர்ச்சி மருந்தை அளித்தார். தலைவலி நீங்கவில்லை, ஆயினும் பிள்ளைகள் சிலர் அமைதியுற்றுப் பாடத்தில் ஊன்றினர். கிளர்ச்சி மருந்து அமைதி தருதல் கண்டு வியந்த அவர், நடத்தைக் கோளாறுடைய 30 பிள்ளைகளிடம் அதனை ஆராய்ந்து, 1937-இல் முடிவை வெளியிட்டார். 14 பேர் கல்வியில் பெரிதும் முன்னேறினர்.

பல்லாண்டுகள் அம்முடிவை அறிஞர் பொருட்படுத்தவில்லை. 1979-இல் அவர் மறைந்தார். இன்று அவ்வினத்து மருந்துகள் பல நாடுகளில் மருத்துவர் மேற்பார்வையில் பயன்படுகின்றன. கருதியது கைகூடாவிடத்தும் கண்டதைக் கூர்ந்து நோக்குதலே ஆராய்ச்சியாளர்க்கு அழகாகும்.