மனிதர் இல்லாத தீவில் ஒன்பது மாதம்!

முன்வைத்த காலைப் பின்வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

அந்தச் சொல்லுக்கு இலக்கணமாக வாழ்ந்த வீரர் ஒருவர், ஒரு நாள் முன்வைத்த காலைப் பின்வைத்தார். அதுவும் எப்போது? உலகமே ஆவலோடு எதிர்பார்த்த வடதுருவத்துக்கு இன்னும் 260 மைல்தான் இருந்தபோது!

அன்று அவர் திரும்பியதால் இரண்டு பேர் உயிர் பிழைத்தார்கள். அந்த இருவரில் ஒருவராகிய அவரால், பிற்காலத்தில் லட்சக்கணக்கான மக்கள் வாழ்வு பெற்றார்கள்.

அவர்தான் நார்வே நாட்டின் பிரிட்யாப் நான்சென்.

காட்டில் வளர்ந்த பிள்ளை

நார்வே, ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள குளிர் நாடு. அதன் தலைநகருக்கு இப்போது ஆஸ்லோ என்று பெயர். அந்தக் காலத்தில் கிறிஸ்டியானியா என்று பெயர். நகரத்தை ஒட்டிய ஒரு பண்ணை வீட்டில், 1861-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி நான்சென் பிறந்தார். தகப்பனார் வக்கீல். கண்டிப்பானவர். தாயார் பனிச்சறுக்கில் கெட்டிக்காரி. பெண்கள் அப்படி விளையாடுவது அழகல்ல என்று ஊர் பேசிய காலம் அது. அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பெரிய காடு. காட்டுக்குள் ஏரிகளும் ஓடைகளும் உண்டு. கோடையில் சிறுவன் நான்சென் அங்கே மீன் பிடிப்பான். நாள்கணக்கில் காட்டிலேயே தங்குவான். குளிர்காலம் வந்தால், காலில் நீண்ட மரப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவான். ஒரு முறை உயரமான மேட்டிலிருந்து சறுக்கிப் பாய்ந்தபோது, தலைகீழாக விழுந்து இடுப்பு வரை பனியில் புதைந்துவிட்டான். பார்த்தவர்கள் பயந்து போனார்கள். எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடியும் சறுக்கப் போனான்!

பெரியவனாகி விலங்கியல் படித்தார். பெர்கன் நகரத்துக் காட்சிசாலையில் வேலை கிடைத்தது. ஆனால் அறைக்குள் உட்கார்ந்திருப்பவரா அவர்? 1884-ம் ஆண்டு குளிர்காலத்தில், ஒரு சறுக்குப் போட்டியில் கலந்துகொள்வதற்காக, பனி மூடிய மலைகளைத் தாண்டித் தலைநகருக்குச் சறுக்கிக்கொண்டே போனார். வந்த வழியே மலை தாண்டித் திரும்பியும் வந்தார்.

திரும்பிப் பார்க்க வழியில்லை

கிரீன்லாந்து ஒரு மிகப் பெரிய தீவு. அதன் நடுப்பகுதி முழுவதும் பனிப்பாறை. அதைக் குறுக்கே கடந்தவர் அதுவரை யாரும் இல்லை. முயன்றவர்கள் எல்லோரும், ஊர்கள் இருந்த மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டார்கள். கஷ்டம் வந்ததும் திரும்பிவிட்டார்கள்.

நான்சென் வேறு விதமாக யோசித்தார். மனித நடமாட்டமே அபூர்வமான கிழக்குக் கரையில் இறங்கி மேற்கு நோக்கி நடக்க வேண்டும். இறக்கிவிட்ட கப்பல் போய்விடும். பிறகு பின்னால் போனால் பட்டினி. முன்னால் போனால்தான் சோறு.

பைத்தியக்காரத்தனம் என்று பலர் சிரித்தார்கள். சர்க்கார் பணம் தர மறுத்தது. டென்மார்க் நாட்டு வியாபாரி ஒருவர் பணம் கொடுத்தார்.

1888-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, நான்சென் உள்பட ஆறு பேர் கப்பலிலிருந்து இறங்கினார்கள். கலைமான் மேய்க்கும் குடியில் பிறந்த பால்ட்டோ, ராவ்னா என்ற இருவரும் அதில் உண்டு. கரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கடலில் மிதந்த பனிக்கட்டிகள் அவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயின. 12 நாள் அலைந்த பிறகே கரை சேர்ந்தார்கள். அங்கிருந்து மறுபடியும் வடக்கே துடுப்புப் போட்டு வந்து, ஆகஸ்ட் 15-ந் தேதி பனிமலை ஏறத் தொடங்கினார்கள்.

ஏறிய உயரம் 8,900 அடிக்கு மேல். இரவில் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 45 டிகிரிக்கும் போனது. சுற்றிலும் பனி, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை! தட்டையான குப்பிகளில் பனியைத் திணித்து, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். உடம்புச் சூட்டில் அது உருகியதும் குடித்தார்கள். கொண்டுபோன உலர்ந்த இறைச்சியில் கொழுப்பே இல்லை. வெண்ணெய்க்காக நாக்கு ஏங்கியது.

மேற்குச் சரிவு வந்ததும் நல்ல காற்று அடித்தது. சறுக்கு வண்டிகளைச் சேர்த்துக் கட்டினார்கள். கூடாரத் துணியைப் பாயாக விரித்தார்கள். தரையில் பாய்மரக் கப்பல் ஓடியது!

கடைசியில் கடலை ஒட்டிய நீர்நிலை ஒன்று குறுக்கிட்டது. படகு இல்லை. மரக்கிளைகளை வளைத்துக் கட்டி, கூடாரத் துணியைப் போர்த்தி ஒரு படகு செய்தார்கள். அது இரண்டு பேரைத்தான் தாங்கும். நான்செனும் ஸ்வெர்ட்ரூப் என்ற தோழரும் அதில் ஏறினார்கள். ஒழுகும் படகு. தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டே, அக்டோபர் 3-ந் தேதி காட்தாப் என்ற ஊரை அடைந்தார்கள். பிறகு மற்ற நால்வரும் அழைத்து வரப்பட்டார்கள்.

அந்த ஆண்டின் கடைசிக் கப்பல் போய்விட்டது. குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. நான்சென் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர் மக்களின் குடிசைகளில் பழகினார். ஒரே ஆள் உட்காரும் கயாக் என்ற தோல் படகை ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்தப் பாடம் பின்னால் உயிர் காத்தது.

பனிக்குப் பணிந்த கப்பல்

1889-ல் நாடு திரும்பியதும் ஈவா சார்ஸ் என்ற பாடகியை மணந்தார். அவரும் பனிச்சறுக்கில் வல்லவர். ஆனால் நான்செனின் மனம் வடதுருவத்தில் இருந்தது.

ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881-ல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கியது. மூன்று ஆண்டுக்குப் பிறகு அதன் சாமான்கள் கிரீன்லாந்துக் கரையில் கிடைத்தன! அப்படியானால் பனிக்கட்டியே அவற்றைத் துருவப் பகுதியின் வழியாகச் சுமந்து வந்திருக்க வேண்டும். ஒரு கப்பலையும் அது ஏன் சுமந்து போகக் கூடாது என்று நான்சென் நினைத்தார்.

பனி நெருக்கினால் கப்பல் நொறுங்கும். அதற்கும் வழி கண்டார். காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் நிபுணர், வயிறு உருண்ட ஒரு கப்பலைக் கட்டினார். பனி நெருக்கும்போது அது நசுங்காமல் மேலே வழுக்கி எழும். பிராம் என்று பெயர் வைத்தார்கள். முன்னேறு என்று பொருள்.

1893-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி பிராம் புறப்பட்டது. அப்போது நான்செனின் பெண் குழந்தை லிவ், பிறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

செப்டம்பரில் பிராம் பனியில் சிக்கியது. பனி இறுக்கியது. கப்பல் கம்பீரமாக மேலே எழுந்தது. 13 பேரும் உள்ளே சுகமாக இருந்தார்கள். ஆனால் கப்பல் ஆமை வேகத்தில் நகர்ந்தது. அது துருவத்தைத் தொடாது என்று நான்செனுக்குத் தெரிந்துவிட்டது.

1895-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, அவரும் ஜோஹன்சென் என்ற தோழரும் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஜோஹன்சென், பயணத்தில் சேர வேண்டும் என்ற ஆசையில், அடுப்புக்குக் கரி போடும் வேலைக்கே சம்மதித்து வந்தவர். 28 நாய்கள், மூன்று சறுக்கு வண்டிகள், இரண்டு கயாக் படகுகள் உடன் சென்றன. கப்பலோ நகர்ந்துகொண்டே இருக்கும். திரும்பி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முன்வைத்த கால் பின்வந்தது

மேடும் பள்ளமுமான பனி. வண்டிகளைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அவர்கள் வடக்கே நடந்தால், காலடியில் இருந்த பனி தெற்கே நகர்ந்தது!

ஏப்ரல் 8-ந் தேதி, 86 டிகிரி 14 நிமிட வட அட்சரேகையில் நின்றார்கள். அதுவரை எந்த மனிதரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. துருவம் 260 மைல் தூரத்தில் இருந்தது.

நான்சென் கணக்குப் போட்டார். மேலே போனால் துருவத்தைத் தொட்டாலும் தொடலாம். ஆனால் திரும்பி வர உணவு இராது. கூட வந்தவரின் உயிரும் தம் கையில் இருக்கிறது. புகழா, உயிரா? அவர் தெற்கே திரும்பினார்.

நாலைந்து நாளில் ஒரு விபரீதம் நடந்தது. களைப்பில் நெடுநேரம் தூங்கியதில், இருவரும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள். இரண்டு கடிகாரமும் நின்றுவிட்டன! சரியான நேரம் தெரியாவிட்டால், கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட முடியாது.

உணவு குறைந்தது. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் கடல் வந்தது. மிஞ்சியவை இரண்டே நாய்கள். படகில் அவற்றுக்கு இடம் இல்லை. தாம் வளர்த்த நாயைத் தாமே சுட மனம் வரவில்லை. அவர் நாயை இவரும், இவர் நாயை அவரும் சுட்டார்கள்.

நீங்கள் நீ ஆன இரவு

ஆகஸ்டு கடைசியில், மனிதர் இல்லாத ஒரு தீவில் ஒதுங்கினார்கள். குளிர்காலம் நெருங்கிவிட்டது. வால்ரஸ் என்னும் கடற்பிராணியின் தோள் எலும்பை மண்வெட்டியாக்கினார்கள். குழி தோண்டிக் கல் அடுக்கி, அதன் தோலையே கூரையாகப் போட்டார்கள். கரடி இறைச்சிதான் உணவு. கொழுப்புதான் விளக்குக்கு எண்ணெய். உடைகள் எண்ணெய்ப் பிசுக்கில் உடம்போடு ஒட்டிக்கொண்டன. குடிசைக்கு வெளியே வைத்த வெப்பமானியை நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது!

குளிர் தாங்காமல் இருவரும் ஒரே பைக்குள் படுத்தார்கள். நாளில் 20 மணி நேரம்கூடத் தூங்கினார்கள். கிறிஸ்துமஸ் வந்தது. மாற்றிக்கொள்ள வேறு உடை இல்லை. சட்டையைக் கழற்றி உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அதுதான் பண்டிகைப் புத்தாடை!

நார்வே மொழியிலும் நீங்கள், நீ என்ற வேறுபாடு உண்டு. ஒன்பது மாதத்துக்கு மேல் சாவை ஒன்றாகச் சந்தித்தும், அவர்கள் மரியாதையாகவே பேசி வந்தார்கள். 1895-ம் ஆண்டின் கடைசி இரவில், இனி ஒருவரை ஒருவர் நீ என்றே அழைப்பது என முடிவு செய்தார்கள்.

1896-ம் ஆண்டு மே 19-ந் தேதி புறப்பட்டார்கள். ஜூன் மாதத்தில் ஒரு நாள், சேர்த்துக் கட்டிய படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டு வழி பார்க்க மேலே ஏறினார்கள். கயிறு அவிழ்ந்தது. படகுகள் காற்றில் மிதந்து போயின. உணவு, துப்பாக்கி, தோட்டா எல்லாம் அதில்தான்!

நான்சென் கடிகாரத்தைத் தோழரிடம் கொடுத்துவிட்டுப் பனிக்கடலில் குதித்தார். நீந்த நீந்தக் கை கால் மரத்தது. படகோ தூரத் தூரப் போனது. மூழ்கினாலும் ஒன்றுதான், படகில்லாமல் திரும்பினாலும் ஒன்றுதான். மூச்சைப் பிடித்து நீந்திப் படகைப் பிடித்தார். விறைத்த உடம்போடு எப்படியோ ஏறிவிட்டார். திரும்பும் வழியில் இரண்டு கடற்பறவைகளைக் கண்டதும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார்! குளிரில் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று ஜோஹன்சென் நடுங்கினார். பறவைகள் அன்று இரவு உணவாயின.

ஜூன் 17-ந் தேதி நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. ஓடினார் நான்சென். எதிரே ஜாக்சன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் வந்தார். சடைத் தலையும் கரி படிந்த முகமுமாக நின்றவர் யார் என்று முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஆனந்தம் தாங்கவில்லை. நிறுத்துப் பார்த்தால், நான்சென் கப்பலை விட்டபோது இருந்ததைவிட 20 ராத்தலுக்கு மேல் கூடியிருந்தார்!

ஆகஸ்ட் 13-ந் தேதி நான்சென் நார்வே மண்ணை மிதித்தார். அதே நாளில் பிராம் கப்பலும் பனியிலிருந்து விடுபட்டது. போன 13 பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். குழந்தை லிவ்வுக்கு அப்போது மூன்றரை வயது.

வீடு இல்லாதவர்களுக்கு ஒரு சீட்டு

முதல் உலக யுத்தம் முடிந்தது. ஊர் திரும்ப வழியில்லாமல் யுத்தக் கைதிகள் தூர தேசங்களில் தவித்தார்கள். 1920-ல் சர்வதேச சங்கம் அந்தப் பொறுப்பை நான்செனிடம் கொடுத்தது. கப்பல், ரயில், உணவு, உடை எல்லாம் தேடிப் பிடித்து, இரண்டு ஆண்டில் நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வீடு சேர்த்தார்.

1921-ல் ரஷ்யாவில் கொடிய பஞ்சம் வந்தது. அங்கும் உணவு அனுப்ப வீடு வீடாகக் கேட்பவர் போல நாடு நாடாகக் கேட்டார்.

நாட்டை இழந்த அகதிகள் கையில் எந்தச் சீட்டும் இல்லாமல் எல்லைகளில் நின்றார்கள். அவர்களுக்காக 1922-ல் ஓர் அடையாளச் சீட்டு ஏற்பாடு செய்தார். நான்சென் பாஸ்போர்ட் என்று அதற்குப் பெயர் வந்தது. 50-க்கு மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. இசை மேதை ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால் ஆகியோரும் அந்தச் சீட்டு பெற்றவர்களே. அதே ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு நான்செனுக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தையும் ஏழைகளுக்காகவே செலவிட்டார்.

1930-ம் ஆண்டு மே 13-ந் தேதி நான்சென் காலமானார். மே 17, நார்வேயின் தேசிய தினம். நாடு அன்று கொண்டாட்டத்தின் நடுவே அவருக்கு இறுதி மரியாதை செய்தது.

பிராம் கப்பல் ஆஸ்லோவில் ஒரு காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது. முன்னேறு என்பதுதான் அதன் பெயர். ஆனால் எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்த ஒருவரின் கப்பல் அது. அவர் வடதுருவத்தைத் தொடவில்லை. வீடு திரும்பினார். வீடு திரும்ப முடியாமல் தவித்தவர்களையும் வீடு சேர்த்தார்.