போர்க்களத்தில் ஒரு குருவானவர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த கோம்பை என் சொந்த ஊர். எங்கள் ஊர் என்றதும் பலருக்கும் வேட்டை நாய்களே நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் இது ஒரு பாளையம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எங்களுக்கு, நாட்டுக்கு நன்மை செய்த வேற்று நாட்டாரை நினைத்துப் போற்றும் வழக்கம் புதியதன்று. 1895இல் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக் இராணுவப் பொறியாளர். அவருடைய படத்தை வைத்து இன்றும் பொங்கலிடும் ஊர்கள் இங்கே உண்டு.

ஆயின் போர்க்காலத்தில் ஆயுதம் ஏந்தாமல் வீரர்களிடையே வாழ்ந்த குருமாரை நாம் நினைக்கிறோமா? இக்கேள்வி என்னுள் எழுந்த இடம் பெரியகுளம். 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு என்னும் முகம்மது யூசுப்கானின் கால்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். தலை திருச்சிக்கும் கைகள் பாளையங்கோட்டைக்கும் அனுப்பப்பட்டனவாம். உடல் மதுரைச் சம்மட்டிபுரத்தில் உள்ளது. கம்பெனிக்காகப் போரிட்டுப் புகழ் பெற்றவர், அக்கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று மடிந்தார். அவரை வீழ்த்த 1763இலும் 1764இலும் மதுரைக் கோட்டையைச் சுற்றிப் பெரும் முற்றுகை நடந்தது. அம்முற்றுகைப் பாசறையில் காயம்பட்டுக் கிடந்த வீரர்களிடையே நடமாடியவர்தாம் சுவார்ட்ஸ் ஐயர் என்று பின்னர் அறிந்தேன். எங்கள் மண்ணில் கால் புதைந்த வீரர் ஒரு பக்கம். அவரை வீழ்த்திய படையின் நோயாளிகளுக்குத் துணை நின்ற குரு மறு பக்கம். இவரை நான் எப்படி நினைப்பது? இதற்கு விடை தேடியே அவர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு அக்டோபர் 8இல் பிரஷ்யா நாட்டிலுள்ள சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1749இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750இல் தமிழகம் வந்து, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் பணியைத் தொடங்கினார். அன்று தொடங்கிய பணி நாற்பத்தெட்டு ஆண்டுகள் நீடித்தது. தாய்நாட்டிற்கு அவர் திரும்பவே இல்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. தமிழைக் கற்றார். பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி, போர்த்துக்கீசியம் ஆகிய மொழிகளையும் கற்றார். அரசரிடமும் உழவரிடமும் அவரவர் மொழியிலேயே பேச விரும்பியதே இதற்குக் காரணம் எனலாம்.

1760களில் அவர் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். கோட்டை நிறையப் படைவீரர்கள் இருந்த காலம் அது. காலையில் தமிழ்ச் சபைக்கும் பிறகு ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் குருவாக இருந்தார். 1766இல் அங்கே கிறிஸ்து ஆலயம் எழுந்தது. படைக்குருவென்று கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் கொடுத்தது. அதில் பெரும்பகுதி சபைக்கும் பள்ளிக்குமே சென்றது. அவர் தங்கியிருந்ததோ ஒரு கட்டில் போடுமளவே இடமுள்ள அறை. உணவு நம் நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும். உடை கறுப்புச் சாயமிட்ட பருத்தி அங்கி. மதுரை முற்றுகையில் காயம்பட்டோரைக் கவனித்தமைக்காக நவாபு கொடுத்த பணத்தையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அது பிள்ளைகளின் பள்ளிக்குப் பயன்பட்டது. போரில் தந்தையை இழந்த குழந்தையின் நிலையை அறிந்தவர் அவர்.

1778இல் அவர் தஞ்சைக்குப் பெயர்ந்தார். மறு ஆண்டே அவர் வாழ்வின் கடுமையான சோதனை வந்தது. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் மனநிலையை அறிய, சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு அவரைச் சீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பினார். கம்பெனியின் தூதர்களை நம்பாத ஹைதர் இந்தக் குருவை நம்பினார். அங்கே தங்கிய நாட்களில், ஹைதரின் படையில் ஊழியம் செய்த ஐரோப்பிய வீரர்களுக்கும் அவர் ஆராதனை நடத்தினார். திருச்சியில் ஒரு படைக்குச் செய்த பணியையே இங்கே எதிர்ப்படைக்கும் செய்தார்! திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அரசு அதை ஏற்காமற்போகவே தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக்கினார். கம்பெனி அளிக்க வந்த வெகுமதியையும் மறுத்தார்.

ஆனால் அமைதி கிடைத்ததா? இல்லை. அவர் புறப்படும் முன்பே, அதே 1779இல், கம்பெனி மாகியைக் கைப்பற்றி ஹைதரின் சினத்தைக் கிளறியிருந்தது. 1780இல் போர் மூண்டது. ஒரு நல்ல மனிதரின் நாணயத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கம்பெனி காலம் கடத்தியது என்றே எனக்குத் தோன்றுகிறது. இது அவருடைய வாழ்வில் ஒரு நிழல். அதை மறைப்பது வரலாறாகாது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கர்நாடகச் சமவெளியே எரிந்த அப்போரில், இந்தக் குருவுக்குத் தீங்கு செய்யாமல் வழிவிட வேண்டும் என்று ஹைதர் தம் படைக்குக் கட்டளையிட்டார். ஏமாற்றப்பட்டவரே, ஏமாற்றியவர் யார், ஏமாற்றாதவர் யார் என்று பிரித்தறிந்திருந்தார்.

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் வீரரும் மக்களும் பசியால் செத்துக்கொண்டிருந்தனர். நாட்டில் நெல் இல்லாமல் இல்லை. அதைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்னே ஏமாந்திருந்த உழவர்கள் அரசரையும் நம்பவில்லை, கம்பெனியையும் நம்பவில்லை. கூலிக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஐயர் வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டை சேர்ந்தது. கூலி முழுவதையும் அவரே எண்ணிக் கொடுத்தார். பின்னொரு சமயம் வரிக்கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய உழவர்களில் ஏழாயிரம் பேர் அவர் சொல்லை நம்பித் திரும்பி வந்து வயலில் இறங்கினர்.

தனியொருவராக அவர் இவ்வளவையும் செய்துவிடவில்லை. தமிழ் உபதேசியார்கள் பலர் அவருடன் உழைத்தனர். அவர்களுள் சத்தியநாதன் என்பவர் 1790இல் குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றினார். அவருக்கு நாடறிந்த சிலை ஏதும் இல்லை.

மன்னர் துளசாவின் தத்துப்பிள்ளையான இரண்டாம் சரபோஜியைக் காத்துக் கற்பித்ததும் சுவார்ட்ஸ் ஐயரின் தொண்டே. அரியணை உரிமையை இழந்து காவலில் வாடிய அச்சிறுவனுக்காக அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1798 பிப்ரவரி 13இல் ஐயர் மறைந்தார். அவ்வாண்டு ஜூனில்தான் சரபோஜி அரியணை ஏறினார். தம் ஆசானுக்காக இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு மன்னர் செய்வித்த சலவைக்கல் சிற்பம், தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஆலயத்தில் இருக்கிறது. வரலாற்றுத் துறைச் சுற்றுலாவின்போது அதைக் கண்டேன். மரணப் படுக்கையில் குரு. அவர் கையைப் பற்றியபடி வேற்றுச் சமயத்து இளவரசர். அருகே பள்ளிச் சிறுவர்கள். கையில் வாளேந்திய எவரும் அச்சிற்பத்தில் இல்லை.

பெரியகுளத்தில் எழுந்த கேள்விக்கு அங்கே ஓரளவு விடை கிடைத்தது. சுவார்ட்ஸ் ஐயரை நினைப்பதற்காகக் கான்சாகிபை மறக்க வேண்டியதில்லை. கம்பெனியை மன்னிக்க வேண்டியதும் இல்லை. மதுரை மதிலின் உள்ளும் புறமும் மாண்ட சிப்பாய்களில் பெரும்பாலோருக்குப் பெயரே எஞ்சவில்லை. அவர்களுள் சிலருக்காவது கடைசி நேரத்தில் ஒருவர் அருகில் அமர்ந்து தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லியிருப்பார். தண்ணீரின் அருமை அறிந்த கம்பம் பள்ளத்தாக்கு மக்களாகிய நாம் அந்த ஒருவரையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். மாணவ நண்பர்களே, அவரவர் ஊரின் கல்லறைகளையும் ஆலயச் சுவர்களையும் தர்காக்களையும் ஒருமுறை நின்று பாருங்கள். பாடநூலில் இடம்பெறாத மனிதர்கள் அங்கே நமக்காகக் காத்திருக்கிறார்கள்.