செங்கோட்டை தந்த ஞானக்கவி ஆவுடையக்காள்

நம்ம சிவகிரியிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி தாண்டினால் செங்கோட்டை. அந்த ஊர் என்றதும் வாஞ்சிநாதன் பெயரைச் சொல்வோம். சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் வாழ்ந்த ஆவுடையக்காளை எத்தனை பேருக்குத் தெரியும்?

பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். விவரம் தெரியாத வயசில் கல்யாணம், விவரம் தெரியுமுன்பே விதவை. அன்றைய விதவைக்கு மொட்டைத்தலை, ஒரு மூலை, அவ்வளவுதான். திருவிசநல்லூர் ஸ்ரீதர வெங்கடேச அய்யாவாள் அவருக்கு வேதாந்தம் உபதேசித்தார். ஊர் அவரைப் பழித்தது, ஒதுக்கியது. அவர் நிறுத்தவில்லை.

பாடியது அத்வைதம், எடுத்த மெட்டோ கும்மி, அம்மானை, கண்ணி. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும் வாயில் நுழையும். எனக்கு ரொம்பப் பிடித்தது தீட்டு பற்றிய அவர் கேள்விதான். உடம்பே தீட்டில்தானே உருவானது, இதில் சுத்தம் எது, அசுத்தம் எது என்கிறார். அந்தக் காலத்தில் இதைக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அச்சில் வராத அந்தப் பாட்டுகளைப் பெண்கள், அதிலும் விதவைகள், தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாடமாகவே காப்பாற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரி தேடித் தொகுத்தார். 2002இல் ஞானானந்த நிகேதன் பெரிய நூலாக வெளியிட்டது. எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க ஆச்சி கைநாட்டு. ஆனால் நடவுப் பாட்டு விடிய விடியப் பாடுவாள். அதில் ஒரு வரிகூட இன்னும் எந்த நோட்டிலும் ஏறவில்லை.

ஆவுடையக்காள் ஓர் ஆடி அமாவாசையன்று குற்றால அருவியில் குளித்துவிட்டு மலையேறிப் போனாராம். திரும்பி வரவே இல்லை என்று இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள்.